கதவு ஒரு கூடுதல் உறுப்பு

கதவு வைத்திருந்த குற்றத்துக்காக ஜெயந்திமாலாவின் டெண்டர் தள்ளுபடியானது. கடிதம் வந்தபோது அவள் வேங்கிக்கால் கொட்டகையில் நின்று, அந்தக் கதவுகளில் ஒன்றின் தாழ்ப்பாளுக்குத்தான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தொழில் நடமாடும் கழிப்பறை. சக்கரம் வைத்த மேடையில் வரிசையாக அறைகள் இருக்கும். டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் அவள் வண்டிதான் போகும். அவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நயினார் என்னும் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வம்சத்துப் பெண் இந்தத் தொழிலுக்குப் போனது உறவினர்களுக்குப் பெரிய மனக்குறை. விசேஷ வீடுகளில் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். பிறகு ஒவ்வொருவராகத் தனித்தனியே வந்து, அடுத்த மாதம் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு வண்டி கிடைக்குமா என்று காதோடு கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு பௌர்ணமியில் கிரிவலம் போனபோதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. கூட வந்த பெண்களில் ஒருத்திகூட வழியில் தண்ணீர் குடிக்கவில்லை. நீர்மோர் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். காரணம் கேட்டதற்கு ஒரு பெண், குடித்தால் அப்புறம் எங்கே போவது என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி ஜெயந்திமாலாவின் மனதில் தங்கிவிட்டது. அதற்கு விடையாகத்தான் அவள் வண்டிகளை வாங்கினாள். இந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை முழுவதும் கழிப்பறை வைக்க அரசே டெண்டர் விட்டபோது, அது தனக்காகவே விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். “நிபந்தனைகளில் கதவு கோரப்படவில்லை. கோரப்படாத கூடுதல் உறுப்பு ஒன்றைத் தாமாக வழங்க முன்வந்ததன் மூலம் தாங்கள் நிபந்தனைகளிலிருந்து விலகியுள்ளீர்கள்.” ஒப்பந்தம் மங்கள வரவேற்பு அமைப்பகம் என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தது. அவர்களுடைய கழிப்பறைக்குக் கதவே கிடையாது. காற்றோட்டம் என்ற தலைப்பில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் டெண்டர் பிரிவுக்குப் போய் விசாரித்தாள். அங்கே சந்திரம்மாள் என்று ஒரு எழுத்தர் இருந்தார். ஓய்வு பெறப்போகிற நிம்மதியில் உண்மையைப் பேசத் தொடங்கியிருந்தவர் அவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“இது போன வருஷம் பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் போட்ட டெண்டரும்மா. நெழற்குடைன்னு இருந்த எடத்துலல்லாம் கழிப்பறைன்னு மாத்திட்டாங்க. அதான் மூணு பக்கம் செவுரு, ஒரு பெஞ்சு.”

“பெஞ்சா?”

“பெஞ்சும் நீ வெக்கல. அதுக்கே மார்க்கு கம்மி.”

தப்பு என்று தெரிந்துவிட்டதே, திருத்திவிடலாமே என்று ஜெயந்திமாலா சொன்னாள். தப்பைத் திருத்துவது இந்தப் பிரிவின் வேலை இல்லை என்றும், அதற்கென்றே தனியாக ஒரு அலுவலகம் திறந்திருக்கிறார்கள் என்றும் சந்திரம்மாள் விளக்கினார். ஒப்பந்த ஆட்சேபணைத் தீர்வகம் என்று அதற்குப் பெயர். சொல்லிவிட்டு, ஜெயந்திமாலாவின் கையைப் பிடித்து, அங்கே போவதானால் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தீர்வகம் வேங்கிக்காலின் புதுமனைகளுக்கு நடுவில், ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. வாசலில், “ஆட்சேபிப்பவரே எங்கள் எஜமானர்” என்று பெரிய பலகை. உள்ளே எஜமானர்கள் உட்கார நாற்காலி எதுவும் இல்லை. தீர்வு அலுவலர் சகாதேவன், நெற்றி நிறைய விபூதியும் சட்டைப்பையில் நாலைந்து பேனாக்களுமாக, அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றே வரவேற்றார். ஆட்சேபணை செய்ய ஒரு ஆள் நேரில் வந்தது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

“இந்தத் தீர்வகம் ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க ஒரு ஆட்சேபணைகூட நிலுவையில இல்ல மேடம்,” என்றார். “மாநிலத்துலயே நாங்கதான் முதல். கேடயம் குடுத்திருக்காங்க, பாருங்க.”

இதுவரை எத்தனை ஆட்சேபணைகள் வந்தன என்று ஜெயந்திமாலா கேட்டாள்.

“வாங்கினாதான மேடம் நிலுவை ஆவும்?” என்றார் சகாதேவன். அவர் முகத்தில் குறும்போ கேலியோ இல்லை. ஒரு நிர்வாக ரகசியத்தைப் பகிர்ந்துகொண்ட பெருமிதம்தான் இருந்தது.

பிறகு விதியைப் படித்துக் காட்டினார். முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதற்கு முன் ஆட்சேபித்தால் அது முந்திய ஆட்சேபணை. இன்னும் நடக்காத ஒன்றை யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஒட்டப்பட்ட பிறகு ஆட்சேபித்தால் அது பிந்திய ஆட்சேபணை. முடிந்துபோன ஒன்றை ஆட்சேபித்து என்ன பயன். ஆகவே அறிவிப்பு ‘ஒட்டப்படும்போது’ ஆட்சேபிக்க வேண்டும். ஒட்டப்படும்போது என்றால் எப்போது என்பதில் முன்பு குழப்பம் இருந்ததாகவும், தாமே மேலிடத்துக்கு எழுதி விளக்கம் வாங்கிவிட்டதாகவும் சொன்னார். பசை ஈரமாக இருக்கும்வரை என்று அர்த்தம்.

ஜெயந்திமாலா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பங்குனி வெயில். மலை கண்ணைக் கூசவைத்தது. கீழே அறிவிப்புப் பலகை மேற்குப் பார்த்த சுவரில், தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. எப்போது ஒட்டுவீர்கள் என்று கேட்டாள். நாளை மதியம் மூன்று மணி வாக்கில், வழக்கமாக அந்த நேரம்தான் என்றார் சகாதேவன்.

அன்று இரவுச் சாப்பாட்டை, குடும்ப வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டு, அவள் கணவர் ஜம்புகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜம்புகுமார் கூட்டுறவு சங்கத்தில் உரம் விற்பவர். அரசாங்கத்தோடு பழகிய மனிதர். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வேலூர்ப் பக்கம் மைதா அதிகம் சேர்த்துப் பசை காய்ச்சுவார்கள், அது காய நேரமாகும், இங்கே அப்படிச் செய்யமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். உதவவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

மறுநாள் ஜெயந்திமாலா தன் மேற்பார்வையாளர் வெள்ளையம்மாளையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். வெள்ளையம்மாள் அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதையை ஒட்டி அவளுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் நிலம் உண்டு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் அந்த நிலத்தில் கால்வைக்க முடியாது. இந்த டெண்டரில் ஜெயந்திமாலாவைவிட அவளுக்கு அக்கறை ஜாஸ்தி. கழிப்பறை கழுவுகிற தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

உதவியாளர் வந்து அறிவிப்பை ஒட்டினார். ஒட்டிவிட்டுத் திரும்பியதும் வெள்ளையம்மாள் பலகையின் மேல் தண்ணீரைத் தெளிக்கத் தொடங்கினாள். உதவியாளர் திகைத்துப்போய், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வெயில் தாங்கவில்லை என்றாள் அவள். ஜெயந்திமாலா மனுவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சகாதேவன் கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், நேரம் கடந்துவிட்டதாக வருத்தத்தோடு தெரிவித்தார். நேரில் வந்து தொட்டுப் பார்க்கும்படி ஜெயந்திமாலா கேட்டுக்கொண்டாள்.

அவர் இறங்கி வந்து பலகையில் விரலை வைத்தார். விரல் நனைந்தது. விரலை முகர்ந்தார், லேசாகப் பினாயில் வாசனை. இன்னொரு விரலை வைத்துப் பார்த்தார். அறிவிப்புக் காகிதமே அவர் கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தீர்வகத்தின் வரலாற்றில் முதல் ஆட்சேபணை இப்படித்தான் பதிவாயிற்று. மாடிக்குத் திரும்பிக் கையெழுத்துப் போடும்போது சகாதேவன் கேடயத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முதல் விசாரணையில்தான் ஜெயந்திமாலா தன் போட்டியாளரைப் பார்த்தாள். மங்கள வரவேற்பு அமைப்பகத்தின் உரிமையாளர் கோகுலவாணன், கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர். ஒல்லியான ஆள், அறைக்குள் அவர் வந்ததும் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து வந்தது. பொருட்காட்சிக் கடைகளுக்காகச் செய்துவைத்த கூண்டுகள் அவரிடம் சும்மா கிடந்தன. டெண்டரில் மூன்று சுவரும் ஒரு பெஞ்சும் கேட்டிருந்ததைப் பார்த்து, இது தன்னிடம் இருக்கிறதே என்று விண்ணப்பித்துவிட்டார். கிடைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

சகாதேவன் விசாரணையை ஒரு கேள்வியோடு தொடங்கினார். மனுதாரர் பாதிக்கப்பட்டவரா?

“கதவு இல்லாததால பாதிக்கப்படறது யாரு மேடம்? உள்ள இருக்கறவங்க. நீங்க எங்க இருக்கீங்க? வெளிய. வெளிய இருக்கறவங்களுக்குக் கதவு இல்லாததால ஒரு நஷ்டமும் இல்ல. சொல்லப்போனா உள்ள ஆள் இருக்காங்களா இல்லையான்னு தட்டிப் பாக்கற வேலைகூட மிச்சம்.”

அப்படியானால் உள்ளே போய்ப் பாதிக்கப்பட்ட ஒருவர் ஆட்சேபிக்கலாமா என்று ஜெயந்திமாலா கேட்டாள். தாராளமாக என்றார் அவர். ஆனால் கழிப்பறை இன்னும் வைக்கப்படவில்லை, வைக்கப்படாத கழிப்பறைக்குள் யாரும் போயிருக்க முடியாது, போகாதவர் பாதிக்கப்பட்டிருக்க முடியாது. இதைச் சொல்லி முடித்ததும் அந்தத் தர்க்கத்தின் அழகில் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. ஜெயந்திமாலாவுக்குத் தலை சுற்றியது. தனக்குத்தான் ஏதோ புரியவில்லை போலும் என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கத்தில் கோகுலவாணனும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசியில் சகாதேவன், இரு தரப்பும் ஆளுக்கொரு கழிப்பறையைத் தீர்வகத்தின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், நடுநிலையான பயனாளர் ஒருவர் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

கோகுலவாணனின் கழிப்பறை ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. இளஞ்சிவப்பு வண்ணம். முகப்பில் ஒரு வளைவு. அதில் தங்க எழுத்தில் நல்வரவு. இருபுறமும் சீரியல் விளக்கு. உள்ளே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே, மேடையில் மாப்பிள்ளை உட்காரும் இடத்தில், பளபளவென்று ஒரு பீங்கான் கோப்பை. முற்றத்தின் உட்புறத்தில் ஜெயந்திமாலாவின் கழிப்பறை ஏற்கெனவே நின்றதால் அதைச் சாலையைப் பார்க்க நிறுத்தினார்கள். எதிரே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நின்ற சனங்கள், யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

ஆய்வு செய்ய வந்த குழுவில் இருந்த ஒரு பொறியாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, நல்ல காற்று என்று குறித்துக்கொண்டார். மற்ற விஷயத்தைச் செய்துபார்க்க யாரும் முன்வரவில்லை. நடுநிலைப் பயனாளர் கிடைக்கும்வரை இரண்டு கழிப்பறைகளும் சான்றுப்பொருள்களாக அங்கேயே இருக்கட்டும் என்று சகாதேவன் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. தீர்வகத்தின் சொந்தக் கழிப்பறை திறப்புவிழா அன்றிலிருந்தே பூட்டித்தான் இருந்தது. அதைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் யாரோ ஆட்சேபணை கொண்டுவந்தார்கள். ஆட்சேபணை வாங்கப்படவில்லை, ஆகவே நிலுவையில் இல்லை. ஆனால் ஆட்சேபணை இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஒப்பந்ததாரர் வேலைக்கு வரவில்லை. ஊழியர்கள் இத்தனை நாளும் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் தட்டச்சர் அம்மா வந்து, ஜெயந்திமாலாவின் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு அதிகாரி ஆய்வு செய்வதுபோலக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அடுத்த நாள் கணக்குப் பிரிவு முழுதும் வந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சகாதேவன் மட்டும் பதவிக்குரிய மரியாதையோடு, கையில் ஒரு கோப்புடன் போய் வருவார். உள்ளே கோப்பு பார்க்கிறார் என்று வெள்ளையம்மாள் வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லுவாள். அவள் காலையும் மாலையும் கழுவி, பினாயில் போட்டு, வாசலில் ஒரு கோலமும் போட்டுவிட்டாள். இளஞ்சிவப்புக் கழிப்பறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. இத்தனை பேர் பயன்படுத்தியும் நடுநிலைப் பயனாளர் கிடைத்தபாடில்லை. பயன்படுத்தியவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள், ஆகவே நடுநிலை இழந்துவிட்டார்கள் என்று சகாதேவன் விளக்கினார்.

விஷயம் எப்படியோ சென்னைக்கு எட்டியது. சான்றுப்பொருளை அலுவலர்கள் உபயோகிப்பது விசாரணையைக் கெடுக்கும் என்று கடிதம் வந்தது. ஜெயந்திமாலாவின் கழிப்பறைக் கதவை அவளையே பூட்டச் சொல்லி, பூட்டுக்குத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். இறுதி விசாரணை முடிந்து உத்தரவு பிறப்பிக்கும்வரை முத்திரையை யாரும் தொடக்கூடாது. கோகுலவாணனின் கழிப்பறைக்கும் முத்திரை வைக்க வேண்டியதுதான். ஆனால் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே அதற்கு ஒரு காவலரை அமர்த்தினார்கள். அவர் பெஞ்சில் படுத்து நன்றாகத் தூங்கினார்.

சித்ரா பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயந்திமாலாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டிகள் கொட்டகையில் நின்றன. வேலைக்குச் சொல்லிவைத்த பெண்கள் தினமும் போன் செய்தார்கள். விட்டுவிடலாமா என்று ஒரு நாள் கணவரிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றார் அவர். சிறிது நேரம் கழித்து, அந்த இளஞ்சிவப்புக் கூண்டில் அவளை உட்காரவைத்து எதிரே ஊரே பஸ்ஸுக்கு நிற்பதுபோல் தனக்குக் கனவு வந்ததாகவும் சொன்னார். அவள் மறுபடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இறுதி விசாரணைக்குச் சென்னையிலிருந்து மேல்நிலை ஆட்சேபணைத் தலைவர் தருமன் வந்தார். நீண்ட நாள் அனுபவமும் அதைவிட நீளமான தீர்ப்புகளும் உள்ளவர். வெயிலுக்குப் பயந்து வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்திருந்தார். திண்டிவனத்தில் இளநீர். செஞ்சியில் பதநீர். கீழ்பென்னாத்தூரில் அவரை எதிர்கொண்டழைக்கப் போன ஊழியர்கள் நீர்மோர் கொடுத்தார்கள். தீர்வகத்துப் படியேறியதும் தட்டச்சர் அம்மா ரோஸ்மில்க்கை நீட்டினார். மரியாதைக்கு அதையும் குடித்தார்.

சகாதேவன் வரவேற்புரையைத் தொடங்கினார். தீர்வகத்தின் தோற்றம், வளர்ச்சி, கேடயம் என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். தலைவர் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சகாதேவனைக் கிட்டே அழைத்துக் காதில் ஏதோ கேட்டார். சகாதேவன் பதிலுக்குக் காதில் சொன்னார். அறை சின்னது; எல்லாருக்கும் கேட்டது. நம்முடையது பூட்டியிருக்கிறது, கீழே ஒன்று இருக்கிறது, ஆனால் தாங்களே முத்திரை வைக்கச் சொல்லிவிட்டீர்கள், விசாரணை முடியாமல் உடைக்க முடியாது, இன்னொன்று திறந்துதான் இருக்கிறது.

தலைவர் எழுந்து, மிகவும் நிதானமாக ஜன்னலருகே நடந்து போய், கீழே பார்த்தார். இளஞ்சிவப்பு வளைவு, நல்வரவு, பெஞ்சில் காவலர், எதிரே பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். அவர் அதே நிதானத்தோடு திரும்பி வந்தார். ஆனால் உட்காரவில்லை.

“மனுதாரர் சுருக்கமா சொல்லுங்கம்மா.”

“கதவு வேணும் சார்,” என்றாள் ஜெயந்திமாலா. பல நாள் தயார் செய்த வாதங்கள் கையில் ஒரு கட்டாக இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையையும் மடித்து வைத்துவிட்டாள்.

“நியாயம். எதிர்த்தரப்பு?”

கோகுலவாணன் எழுந்து நின்றார். “எனக்கும் அதான் தோணுது சார். எங்க வீட்டுலயும் கதவு இருக்குது.”

சாட்சிகள் விசாரணை, அளவீட்டு அறிக்கை, பொறியாளர் கருத்து எல்லாம் பாக்கி இருப்பதாகச் சகாதேவன் நினைவூட்டினார். படித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். நடுநிலைப் பயனாளரின் அறிக்கை இல்லாமல் எப்படி என்று சகாதேவன் இழுத்தார். தலைவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, உத்தரவைச் சொன்னார்.

“கதவில்லாதது கழிப்பறை ஆகாது. ஆட்சேபணை ஏற்கப்படுகிறது. ஒப்பந்தம் மனுதாரருக்கு. முத்திரையை உடைங்க.”

வெற்றுத்தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார். அதை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. சாவி ஜெயந்திமாலாவின் இடுப்பில் இருந்தது. இத்தனை நாள் தன்னைக் காக்கவைத்தவர்களின் தலைவர் இப்போது தன் சாவிக்குக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் அவளுக்கும் ஒரு கணம் வந்தது. இனித்தது. ஆனால் கூடவே, நீர்மோர் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு நடந்த பெண்களின் முகமும் வந்துவிட்டது. அவள் அவரை முந்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வெள்ளையம்மாள் துடைப்பக் கட்டையால் அரக்கை ஒரே தட்டில் உடைத்தாள். சாவி திரும்பியது, கதவு திறந்தது, தலைவர் போனார், கதவு மூடிற்று. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் வழுக்கி விழுந்தது.

முற்றத்தில் தீர்வகம் முழுதும் கூடி நின்றது.

வெளியே வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார். மலையை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீதி தாமதமாகக் கூடாதும்மா,” என்றார். “முப்பது வருஷமா தீர்ப்புல எழுதறேன். இன்னைக்குத்தான் அது புரிஞ்சுது.”

வழக்கு அத்தோடு முடிந்தது என்று ஜெயந்திமாலா நினைத்தாள். இரண்டு நாள் கழித்துச் சகாதேவன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது அவர் ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரே ஒரு ரப்பர் முத்திரை. அதில் நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. தீர்வகம் திறக்கும்போது அது ஒன்றைத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. முத்திரை இல்லாமல் உத்தரவு வெளியே போகாது.

தேரடித் தெருவில் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள், தானே வாங்கி வந்துவிடுகிறேன் என்றாள் அவள். சகாதேவன் பரிதாபமாகத் தலையசைத்தார்.

“முத்திரை வாங்கணும்னா டெண்டர் போடணும் மேடம். டெண்டர் போட்டா யாராச்சும் ஆட்சேபணை பண்ணுவாங்க. அந்த ஆட்சேபணைய முடிக்க முத்திரை வேணும். எனக்கு ராத்திரியெல்லாம் இதே நெனப்பு.”

அவர் கெட்டவர் இல்லை என்பது அப்போது ஜெயந்திமாலாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரும் ஏதோ ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தார். அதற்குக் கதவு இருந்தது, ஆனால் திறக்கும் வழிதான் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் முத்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருக்கிற முத்திரையைத்தான் குத்த முடியும் என்றால், அதைக் குத்துகிற மாதிரி ஏதாவது ஒரு மனு வந்தால் போதாதா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். சகாதேவன் நிமிர்ந்தார். பேனாக்களில் ஒன்றை எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கோகுலவாணனுக்குப் போன் செய்தார்.

கோகுலவாணன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். ஜெயந்திமாலாவின் ஆட்சேபணையை ஆட்சேபித்து அவர் ஒரு மனு கொடுக்க வேண்டும். அதை நிராகரித்து முத்திரை குத்தினால் அவளுடைய ஆட்சேபணை தானாக நிலைத்துவிடும். இது விளங்கியதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். எது வேண்டுமானாலும் என்றார் சகாதேவன். கோகுலவாணன் யோசித்து, மனுதாரரின் கதவுகள் அளவுக்கு மீறி நன்றாக மூடுகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டார். சகாதேவன் முத்திரையை மையில் தோய்த்து, இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு குத்தினார். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது.

தனக்கும் இது நல்லதுதான் என்றார் கோகுலவாணன் படியிறங்கும்போது. பஸ் ஸ்டாப்பில் நின்ற சுண்டல்காரர் ஒருவர் அந்தக் கூண்டைப் பார்த்து மயங்கிவிட்டாராம். பெஞ்சும் விளக்கும் நல்வரவும் உள்ள கடை எங்கே கிடைக்கும்? கோப்பையை மட்டும் எடுத்துவிட்டு, எல்லாக் கூண்டுகளையும் அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பௌர்ணமிக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டார்.

சித்ரா பௌர்ணமி அன்று பொழுது சாய்கிற நேரத்தில், கிரிவலப் பாதை முழுதும் ஜெயந்திமாலாவின் வண்டிகள் நின்றன. அடி அண்ணாமலையில் வெள்ளையம்மாளின் நிலத்து ஓரமாக நின்ற வண்டிதான் அதில் பெரியது. கூட்டம் ஆறு மாதிரி வந்துகொண்டிருந்தது. கதவுகள் திறந்தன, மூடின, திறந்தன. பெண்கள் நீர்மோரை வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். ஜெயந்திமாலா வரிசையின் ஓரத்தில் நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அப்போது சகாதேவன் தன் ஊழியர்களோடு வந்து சேர்ந்தார். ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஆய்வு. ஒவ்வொரு அறையின் உட்புறத்தையும் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஆனால் எல்லா அறைகளும் மூடியிருந்தன. கதவு இருப்பதில் இப்படி ஒரு நிர்வாகச் சிக்கல் இருப்பதைத் தாம் அன்றைக்கே சொன்னதாக அவர் ஜெயந்திமாலாவுக்கு நினைவூட்டினார். பிறகு முதல் கதவைத் தட்டி, ஆய்வுக்காகத் திறக்கும்படி அரசு முறைப்படி கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. செய்யாற்றுப் பக்கத்துக் குரல்.

சகாதேவன் அடுத்த கதவைத் தட்டினார். ஒரு பெரியவர் இன்னும் உரக்கப் பேசினார். அதற்கடுத்த கதவில் இரண்டு பேர் பேசினார்கள். ஒரு தாயும் குழந்தையும். கடைசிக் கதவு வரை போய்விட்டு அவர் திரும்பி வந்தபோது கண்கள் பனித்திருந்தன.

“பாத்தீங்களா மேடம்,” என்றார். “ஒவ்வொரு கதவுலயும் ஆட்சேபணை. ஒண்ணுகூட மிஸ் ஆவல. எங்க சர்வீஸ்ல இந்த மாதிரி வந்ததே இல்ல.”

தலைவர் சொன்னது அவரை மாற்றிவிட்டிருந்தது. இனி எந்த ஆட்சேபணையையும் வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். பையிலிருந்து விசாரணை அழைப்பாணைகளை எடுத்து ஊழியர்களிடம் கொடுத்தார். கதவு திறந்து ஒவ்வொருவராக வெளியே வரும்போது, வேங்கிக்காலுக்கு நேரில் வந்து ஆஜராகும்படி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள்.

கிரிவலத்தில் யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். சனங்கள் அழைப்பாணையைப் பணிவோடு வாங்கி, கண்ணில் ஒற்றி, இடுப்பிலும் சட்டைப்பையிலும் செருகிக்கொண்டார்கள். செய்யாற்றுப் பெண் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்னதானம் எத்தனை மணிக்கு என்று சகாதேவனைக் கேட்டாள். அவர் விசாரணை நேரத்தைச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டி, அந்தக் காகிதத்தால் முகத்துக்கு விசிறிக்கொண்டே, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனாள்.